கண்ணுக்குக் கிட்ட

கோணேஸ்வரன் வேட்டைத் துவக்கை பேஸ்மென்ட் மேசையில் கிடத்தி, அதன் போல்ட்டைக் கழற்றி, உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கு மேல் வைத்தான். குண்டும் இல்லாத, போல்ட்டும் இல்லாத துவக்கு வெறும் இரும்புக் குழாய்தான். அப்படியிருந்தும் அதன் வாயை ஆளில்லாத சுவரைப் பார்த்தே திருப்பிவைத்தான். போன கார்த்திகைக்குப் பிறகு வந்த பழக்கம் அது.

போன கார்த்திகையில், பான்கிறாஃப்ட் பக்கத்துக் காட்டில், இடது கண்ணை மூடி மானைக் குறிபார்த்தவன், மூடிய கண்ணின் பக்கமாக, கூட வேட்டைக்கு வந்த நவரட்ணம் நடந்து வந்ததைக் காணவில்லை. குண்டு அவருடைய தொப்பியில் ஒரு பக்கத்தால் புகுந்து மற்றப் பக்கத்தால் வெளியேறியது. அவர் அந்தத் தொப்பியைத் தோய்த்துப் போட்டுக்கொண்டு, மரங்கொத்தி கொத்தியது என்று, அவர்கள் குடியிருக்கும் வெக்ஸ்போர்ட் முழுக்கச் சொல்லித் திரிந்தார். வெக்ஸ்போர்ட்டும் நம்பியது. கோணேஸ்வரனுக்குத்தான் அதற்குப் பிறகு சரியான நித்திரை இல்லை. வருகிற சனிக்கிழமை இரண்டு பேரும் திரும்பப் போகிறார்கள். இந்த முறை இரண்டு கண்ணையும் திறந்துவைத்துச் சுட வேண்டும்.

அதற்காகத்தான் இந்த றெட் டொட். கைக்குள் அடங்கும் கறுப்புக் குழாய். உள்ளே கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். புள்ளி நிற்கிற இடத்தில் குண்டு விழும். பிக்கரிங்கில் ஒரு கராஜ் சேலில், பனி தள்ளும் மெஷின் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. விற்ற வெள்ளைக்காரக் கிழவி, செத்துப்போன தன் கணவர் இதைத் துவக்கின் முன்பக்கத்திலேதான் பூட்டுவார், கண்ணுக்குக் கிட்ட வைக்கவே மாட்டார் என்றாள். கணவர் எப்படிச் செத்தார் என்று இவன் கேட்கவில்லை. மெஷின் வாங்கப் போன வீட்டில் கேட்கிற கேள்வியா அது?

“பின்னுக்கு வையும் ஐசே,” என்றார் நவரட்ணம். மெஷின் ஷொப்பில் வேலை செய்பவர். குழாயைத் தாங்கும் இரும்புக் கட்டையைத் தானே கடைந்து கொண்டுவந்திருந்தார். “மூக்குக்கண்ணாடியை நீர் முன்வீட்டுக் கதவிலயே கொழுவிறனீர்?”

“முன்னுக்கு வைச்சால் அக்கம்பக்கம் எல்லாம் தெரியும் அண்ணை. நீங்கள் வாறதும் தெரியும்.”

“நான் பாட்டுப் படிச்சுக்கொண்டு வாறன். பின்னுக்கு வையும்.”

பின்னுக்கே, கண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பூட்டினார்கள். கோணேஸ்வரனின் மனைவி நாகமணி சந்தனமும் குங்குமமும் கொண்டு படியிறங்கி வந்தாள். அந்த வீட்டில் பிரிஜ்ஜுக்கும் மைக்ரோவேவுக்கும் பொட்டு வைத்தவள்.

“உயிரெடுக்கிற சாமானெண்டாலும் பொட்டில்லாமல் என்ர வீட்டுக்க இராது,” என்று குழாயில் சந்தனமும் குங்குமமும் அப்பிவிட்டு மேலே போனாள்.

கோணேஸ்வரன் துவக்கைத் தோளில் வைத்துச் சுவரைப் பார்த்தான். இரண்டு கண்ணும் திறந்திருந்தன.

“அண்ணை, பற்றரி இன்னும் போடேல்லை. புள்ளி தெரியுது.”

“உது உம்மட மனிசி அப்பின குங்குமம். துடையும்.”

உடுத்திருந்த சாரத்தின் தலைப்பால் துடைத்தான். குங்குமம் சாரத்துக்கு வந்தது. புள்ளி அங்கேயே நின்றது. பிறகு அது நகர்ந்தது. குழாயின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்து, சுவர் வழியே போய், வீடு சூடாக்கும் ஃபேர்னஸைக் கடந்து, அரிசிச் சாக்கில் ஏறி இறங்கி, அவசரமேயில்லாமல், கதிரையில் இருந்த நவரட்ணத்தின் சட்டைப் பையில் போய் நின்றது. துவக்கு மயிரளவும் அசையவில்லை. இடது கண்ணை மூடினான். புள்ளி குழாய்க்குள் இருந்தது. திறந்தான், சட்டைப் பையில் இருந்தது. அவர் மூச்சு விட, அது ஏறி இறங்கியது.

“என்ன, துவக்கோட நித்திரையே?”

“கண்ணுக்க தூசி.”

“இஞ்ச தாரும்.”

நவரட்ணம் வாங்கி அதே சுவரைப் பார்த்தார். முதலில் சிரித்தார். சிரிப்பு முகத்தில் இருந்தபடியே காய்ந்துபோனது.

“கோணேஸ், அந்த வாங்குப் பக்கம் போய் நில்லும்.”

நீட்டு மர வாங்கின் பக்கம் போய் நின்றான்.

“இல்லை, படிப் பக்கம்.”

போனான். துவக்கு சுவரையே பார்த்திருக்க, அவருடைய கண்கள் மட்டும் இவனுடைய நெஞ்சோடு கூடவே வந்தன.

“என்ன அண்ணை?”

“ஒண்டுமில்லை.” துவக்கை மெல்ல வைத்தார். “முன்னுக்கே பூட்டுவம்.”

முன்னுக்குப் பூட்டிப் பற்றரியைப் போட்டதும், சுவிச்சைத் திருப்ப எரிந்து, திருப்ப அணைந்து, புள்ளி நல்ல பிள்ளையாகக் குழாய்க்குள்ளேயே கிடந்தது. பிக்கரிங் கிழவியின் கணவரும் இப்படித்தான் பூட்டியிருந்தார். அவரும் இப்போது இல்லை. இந்த வருஷம் போக வேண்டாம் என்று சொல்லக் கோணேஸ்வரன் வாயைத் திறந்தான். ஏனென்று கேட்டால், புள்ளி நின்ற இடத்தைச் சொல்ல வேண்டும். பயணத்துக்கு நாள் குறித்த ஆளிடம் அப்படி ஒன்றைச் சொல்வதைப்போல அபசகுனம் வேறில்லை. அது நவரட்ணத்துக்கும் தெரியும். அவரும் வாயைத் திறந்து மூடினார்.

“சனிக்கிழமைக்குக் கட்டுச்சோறு கட்டட்டோ?” நாகமணி மேலேயிருந்து கேட்டாள்.

“ஓம்,” என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

நவரட்ணம் ஸ்குரூக்களை இறுக்கினார். அவர் இறுக்கியவற்றைக் கோணேஸ்வரன் திரும்ப இறுக்கினான்.

தேத்தண்ணியோடு இறங்கி வந்த நாகமணி படியிலேயே நின்றுவிட்டாள். கதிரைகள் சும்மா கிடக்க, இரண்டு ஆம்பிளைகளும் ஒடுங்கிய வாங்கில் தோளோடு தோள் ஒட்டி இருந்தார்கள். ஒருவர் சட்டையை ஒருவர் பார்க்காமல், எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.