சத்தம் போடாதப்பா

வீடியோ இன்டர்வியூவுக்காக முஹ்சின் சார் சொல்லிக் கொடுத்ததில் பாதிக்கு மேல், எதையெல்லாம் செய்யக்கூடாது என்பதுதான். தலையைத் திருப்பாதே. திரையிலிருந்து கண்ணை எடுக்காதே. நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே. எழுந்தால், பக்கத்தில் யாரோ நின்று பதில் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று எழுதிவிடுவார்கள். ஓசூரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் அவருடைய கன்சல்டன்சி. கீழே பன் வேகிற வாசனை வர, பிசினஸ் படிக்க நான் ஏன் இங்கிலாந்துக்குப் போகிறேன் என்பதற்கான காரணங்களை அங்கே உட்கார்ந்து இரண்டு மாதம் மனப்பாடம் செய்தேன்.

உண்மையான காரணத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பி.காம் முடித்துவிட்டு சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் மூன்று வருடம் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவள் நான். பதினோரு மாதம் ஆனதும் பேட்ஜைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒரு மாதம் கழித்துப் புது ஆள் மாதிரி கூப்பிடுவார்கள். எனக்கு அந்த வாழ்க்கை வேண்டாம். ஒரு வருடம் படிப்பு, பிறகு அங்கேயே ஒரு வேலை, வேலையை வைத்து விசா, சில வருடங்களில் அங்கேயே நிரந்தரமாக இருக்க பி.ஆர். அதற்கப்புறம் யாரும் என்னை வீட்டுக்கு அனுப்ப முடியாது. இதை மட்டும் இன்டர்வியூவில் மூச்சு விடக்கூடாது. படித்து முடித்ததும் திரும்பி வருவேன், அப்பாவின் தோட்டத்து ரோஜாவையும் தக்காளியையும் ஏற்றுமதி செய்யும் கம்பெனி தொடங்குவேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

விசாவுக்கு முன்னால், நான் சேரப்போகும் பல்கலைக்கழகமே வீடியோவில் நடத்தும் இன்டர்வியூ அது. தேறினால்தான் விசாவுக்கு வேண்டிய கடிதம் வரும். தவறினால் மறுபடி கேட்க மாட்டார்கள். நானோ சிப்காட் வேலையை விட்டுவிட்டேன்.

எங்கள் தோட்டம் சானமாவுக் காட்டுக்கு இந்தப் பக்கம். கார்த்திகை மாதம், ராகி அறுத்துப் போர் போட்டிருந்தது. அம்மா அக்காவின் பிரசவத்துக்காக நாகரசம்பட்டி போயிருந்ததால் வீட்டில் அப்பாவும் நானும்தான். மாலை ஐந்தே முக்காலுக்கு இன்டர்வியூ. ஐந்து மணிக்கு வனத்துறை ஜீப் மைக்கில் கத்திக்கொண்டே போனது. யானைகள் காட்டை விட்டு வெளியே வந்திருக்கின்றனவாம், யாரும் தோட்டத்துக்குப் போக வேண்டாமாம். பின்னாலேயே கரண்டையும் நிறுத்தினார்கள். கம்பியில் யானை அடிபடாமல் இருக்க அப்படித்தான் செய்வார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. யானைக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா?

லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது. போனை ஜன்னல் கட்டையில் வைத்தால்தான் சிக்னல், அதனால் ஜன்னலைச் சாத்தாமல் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். சார்ஜ் லைட்டை முகத்துக்கு நேராக வைத்தேன். குரைக்கும் என்று நாயை மதியமே பக்கத்துத் தோட்டத்துச் சம்பங்கி அத்தையிடம் கொண்டுபோய் விட்டிருந்தேன்.

அப்பா யானையை விரட்டச் சட்டைப் பையில் வெடியும் தீப்பெட்டியும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"அப்பா, என்ன ஆனாலும் சத்தம் வரக்கூடாது. வெடி கிடி வெடிச்சுடாத. கத்தாத. என் வாழ்க்கையே போயிடும்."

"எத்தினி நேரம் பாப்பா?"

"பதினெட்டு நிமிஷம்."

"அவ்ளோதான? மூச்சுகூட வுட மாட்டேன், போ. போரு மேல தார்ப்பாய் மூடிட்டு வந்தர்றேன்."

போக வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அப்போது என் தலைக்குள் பாடங்களின் பெயர்கள் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தன.

திரையில் வந்த அம்மாள் சிரித்த முகமாக இருந்தார். ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தப் பல்கலைக்கழகம், இந்தியாவிலேயே படித்தால் என்ன. நான் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே போனேன். திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் என் முகம், என் தோளுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலில் இருட்டப்போகிற வெளிச்சம், களம், சிமெண்ட் தண்ணித்தொட்டி. அப்பா தார்ப்பாயை மூடிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்து வந்தார். பாதி வழியில் நின்றார். சட்டென்று தொட்டிக்குப் பின்னால் குந்தினார்.

ராகிப் போருக்குப் பக்கத்தில் இன்னொரு போர் இருந்தது. அது நகர்ந்தது.

ஒற்றை யானை. கூட்டத்தோடு வருவது தின்றுவிட்டுப் போய்விடும், ஒற்றையாக வருவதுதான் ஆளைத் துரத்தும் என்று எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். அது நேராகத் தொட்டிக்கு வந்தது. தும்பிக்கையைத் தண்ணீருக்குள் விட்டது. தொட்டிக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் அப்பா. நடுவில் இடுப்பளவுச் சுவர்.

திரையில் அந்த அம்மாள், படிப்பு முடிந்ததும் நீங்கள் ஊருக்குத் திரும்புவீர்கள் என்று நாங்கள் எப்படி நம்புவது என்று கேட்டார்.

கட்டத்தில் அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போனது தெரிந்தது. தீப்பெட்டியை எடுத்தார். வீட்டைப் பார்த்தார். என் முதுகைத்தான் பார்த்திருப்பார். மறுபடி பைக்குள்ளேயே வைத்துவிட்டார்.

எழுந்திரு, எழுந்திரு என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. தட்டை எடுத்துத் தட்டு, கதவைத் திறந்து கூச்சல் போடு, வீட்டுப் பக்கம் சத்தம் கேட்டால் யானை திரும்பும், அப்பா பக்கத்துத் தோப்புக்குள் ஓடிவிடுவார். ஆனால் என் வாய் பேசியது. எங்கள் வீட்டுக்கு நான்தான் ஆதாரம், என் அப்பாவுக்கு வயதாகிறது, அவரைத் தனியாக விட்டுவிட்டு என்னால் எங்கேயும் இருக்க முடியாது என்று நல்ல இங்கிலீஷில், ஒரு இடத்திலும் தடுக்காமல் சொன்னேன். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவே இல்லை. யானையின் தும்பிக்கை தொட்டி விளிம்பைத் தடவிக்கொண்டு அப்பாவின் தலைக்கு மேல் வந்தது. நான் ஏற்றுமதியைப் பற்றிச் சொன்னேன்.

இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டார். இரண்டுக்கும் பதில் சொன்னேன். நன்றி சொல்லி, சிரித்து, திரை அணைந்த பிறகுதான் திரும்பினேன்.

யானை போரைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தது. தொட்டிப் பக்கம் இருட்டாக இருந்தது. கூப்பிட வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். கதவுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இனி கத்தினால் அது எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாது. சாமிகளின் பெயரெல்லாம் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தூரத்தில் யாரோ வெடி போட, யானை ஒரு கட்டு ராகியைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பக்கம் நடந்தது.

அப்பா தவழ்ந்துதான் வந்தார். முழங்காலெல்லாம் சேறு. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"முடிஞ்சுதா பாப்பா?"

"முடிஞ்சுது."

"நல்லா சொன்னியா? கடைசில என்னமோ கடகடன்னு பேசுன. அங்க வரைக்கும் கேட்டுது."

"திரும்பி வருவியான்னு கேட்டாங்க. வருவேன்னு சொன்னேன்."

"அது பொய்தான?" என்று சிரிக்கப் பார்த்தார். பற்கள் தந்தியடித்தன. போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினேன். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணிய என் மண்ட மேலயே ஊத்துச்சும்மா. நான் பொழைச்சது புண்ணியம். நீ பாத்தியா?"

"இல்லப்பா," என்றேன்.

"அதான் நல்லதாப் போச்சு," என்றார் அப்பா. "பாத்திருந்தா நீ அல்லாத்தையும் வுட்டுட்டு ஓடி வந்திருப்ப."