நவ்ஃபா பெயரில் எழுதிய குண்டு

மொசூலுக்குத் தெற்கே, தல்ஷவ்க் ஊரில், நவ்ஃபா வீட்டு மொட்டைமாடிக்கு மூன்று முழம் மேலே, விமானம் போட்ட குண்டு ஒன்று செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்து நின்றது; விழவில்லை. கோடையில் மாடியில்தான் படுக்கை என்பதால், அவள் அன்று பதினான்கு மெத்தைகளை வரிசையாக வெயிலில் காயப்போட்டிருந்தாள். மேலிருந்து பார்த்த வெளிநாட்டுப் படைக்காரனுக்கு அவை பதினான்கு துப்பாக்கிக்காரர்களாகத் தெரிந்தன. கூட்டாளி கேப்டன் முஹன்னத் உள்ளூர்க்காரன், அவன் சரிபார்த்திருப்பான் என்று இவன் இருந்துவிட்டான். மாடி மெத்தையில் படுத்தே வளர்ந்த முஹன்னத்தோ, அவ்வளவு பெரிய விமானம் வைத்திருப்பவனுக்குத் தெரியாததா என்று படத்தைப் பாராமலே கையெழுத்துப் போட்டிருந்தான்.

குண்டை எடுக்கச் சொல்லி நவ்ஃபா நடையாய் நடந்தாள். குறி கொடுத்தது உங்கள் படை என்றார்கள் வெளிநாட்டார். விமானம் அவர்களுடையது என்றார்கள் உள்ளூர்ப் படையினர். தொட்டவன் தலையில் பழி விழும் என்று இரண்டு தரப்புமே தொடவில்லை. மக்கள் பாதுகாப்புக் கூட்டுக்குழு என்று ஒன்றை வைத்தார்கள். அது மாதம் ஒருமுறை வந்து, உயரம் அளந்து, அவள் வீட்டுத் தேநீரையே குடித்துவிட்டுப் போனது. வெட்கங்கெட்டவர்கள். ஏழு வருடத்தில் குண்டின்மேல் செங்கால் நாரை கூடு கட்டியது. குண்டும் இரண்டு முழம் கீழே இறங்கியிருந்தது. அதன் அடியில் நவ்ஃபாவின் ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள். போக வேறு இடமில்லை.

அடுத்தமுறை குழுவோடு முஹன்னத் கொண்டுவந்த படிவத்தில் உரிமையாளர் பெயர் கேட்டிருந்தது.

"யாருதும் இல்லேன்னா என் பேர எழுது தம்பி. ஏழு வருஷமா தலைக்கு மேல வச்சிப் பாத்துக்கிட்டது நான்தான?"

விட்டது சனி என்று அவன் எழுதிக்கொண்டான். மறுநாள், அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருந்ததாக அவளைக் கைதுசெய்ய ஜீப் வந்தது.

ஜீப் கிளம்பியதும் குண்டும், நாரைக்கூட்டோடு, அவள் தலைக்கு நேரே கிளம்பியது. மூன்று சோதனைச் சாவடிகளைத் தாண்டி, கூட்டுப்படைத் தலைமையகத்தின் கூரைக்கு ஒரு முழம் மேலே போய் நின்றது. வெளிநாட்டு மேஜர் மேசைக்கு அடியில் இருந்தபடியே விடுதலை உத்தரவில் கையெழுத்திட்டார். முஹன்னத் அவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்; மூத்த மகன் பெயரைச் சொல்லி, கஸ்வானின் அம்மா என்று மரியாதையாக அழைத்தான்.

"உம்மு கஸ்வான், வழக்கு ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போங்க, வண்டி தர்றேன்."

"நான் போனா இதுவும் எம்பிள்ளைங்க தலைமேல வரும். நான் இங்கயே இருந்துக்கறேன். சர்க்கரை தூக்கலா ஒரு டீ சொல்லு."

அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். பிள்ளைகள் வெள்ளிக்கிழமைகளில் வெளிவாசல்வரை வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்களை நினைத்து அவள் அழாத நாளில்லை. கோடையில் அவர்கள் மாடியில் மெத்தை விரித்துப் படுக்கிறார்கள். இங்கே, விமானம் கிளம்புமுன் இரண்டு படைகளின் அதிகாரிகளும் படத்தை அவளிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "மெத்தை" என்கிறாள். அவர்கள் திரும்பிப் போகிறார்கள்.