சோக் குமிழ் சுட்ட கதை

சோக் குமிழ் சுட்டது. அதுதான் அப்துல் சுபானுக்கு விளங்கவே இல்லை.

வண்டி எடுக்க மறுத்ததைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பல கை மாறி, ஏலத்தில் வந்து சேர்ந்த பழைய ஜீப். அதற்கும் முட்டி வலி இருக்காதா? ஆனால் வண்டியைக் கிளப்பும் செல்ஃபைக் காலால் மிதிக்கும்போதெல்லாம், டாஷ்போர்டில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் குமிழின் கழுத்து, அடுப்பில் மறந்துபோன கரண்டி மாதிரி ஏன் சுட வேண்டும்? அந்தக் குமிழை இழுத்தால் எஞ்சினுக்குப் போகும் காற்று குறையும், குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் சுலபமாகப் பற்றிக்கொள்ளும். அதற்கு இருக்கிற வேலை அவ்வளவுதான். உள்ளே ஒரு கம்பி, அதைச் சுற்றி ஒரு சுருள் உறை. நெருப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பேட்டரியிலிருந்து ஒரு ஒயரும் அதற்குப் போகவில்லை.

பாப்பாரப்பட்டிக் கடைத்தெருவில் சுபானுக்கு விளக்குக் கடை. அரிக்கேனுக்குத் திரி மாற்றுவார், ஸ்டவ்வுக்கு வாஷர் போடுவார், கல்யாணங்களுக்குப் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விடுவார். எழுபதுகள் பிறந்து ஊருக்குள் கரண்ட் கம்பங்கள் நட்டுவிட்டார்கள் என்றாலும், மாப்பிள்ளை ஊர்வலம் வரும் நேரம் பார்த்துக் கரண்ட் போய்விடும் என்பதால் அவர் தொழிலுக்குக் குறைவில்லை. விளக்குகளைத் தலைச்சுமையாக அனுப்புவதற்குப் பதில் ஜீப் வாங்கினால், முன் சீட்டில் மாப்பிள்ளை, பின்னால் விளக்குகள், ஒரே வாடகை என்று கணக்குப் போட்டார். வாங்கினார். வாங்கிய புதிதில் வண்டி மிதித்தவுடன் எடுத்தது. முகூர்த்த மாதம் நெருங்கியதும் வாடகைக்கு விடும் சாமான்களை எல்லாம் துடைத்து, வெள்ளி பெயிண்ட் அடித்துப் புதுசாக்குவது அவர் வழக்கம். ஜீப்பையும் அப்படியே செய்தார். பானெட்டைத் திறந்து பார்ப்பவனும் அசந்துபோக வேண்டுமென்று எஞ்சின்மேலும் இரண்டு கை அடித்தார். அதற்குப் பிறகுதான் வண்டி மக்கர் செய்தது.

முதல் சவாரி பேசியிருந்தது தீர்த்தகிரியின் மகன் கல்யாணத்துக்கு. பெண் வீடு அதியமான்கோட்டை. அரிசி மண்டி வைத்திருக்கும் தீர்த்தகிரி, சுபானுக்கு நெடுநாள் சிநேகிதர். ஒருநாள் அவர் கடைப்பக்கம் வந்த நேரம் பார்த்து, டீக்கடையில் இருந்த நாலு பேர் ஜீப்பைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சுபான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். தீர்த்தகிரி குடையை மடக்கினார்.

"பாய், பட்டு வேட்டியோட எம்பையன் இதைத் தள்ளினான்னா, பொண்ணு வூட்டுக்காரங்க காலத்துக்கும் சொல்லிச் சிரிப்பாங்க. வியாழக்கெழம வரேன். நீங்க மிதிச்சு, எடுத்துச்சின்னா ஜீப்பு. இல்லாட்டி எங்க மச்சான் வண்டியிருக்குது. மாடு ரெண்டும் மிதிக்காமயே எடுக்கும்."

முதல் மாப்பிள்ளையே மாட்டு வண்டிக்குப் போய்விட்டால், அடுத்த மாப்பிள்ளை எவன் ஜீப்பில் ஏறுவான்?

சுபான் சும்மா இருக்கவில்லை. பேட்டரியைத் தர்மபுரிக்கு பஸ்ஸில் எடுத்துப்போய் சார்ஜ் ஏற்றி வந்தார். பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயரைக் கழற்றி முனைகளைத் தேய்த்தார். மோட்டாரையே பிரித்துக் கரித்தூள் தட்டினார். பெட்ரோமாக்ஸ் எரியவில்லையென்றால் டாங்கி, பம்பு, நிப்பிள், மேண்டில் என்று எண்ணெய் போகும் வழியிலேயே போய்ப் பழுதைப் பிடிக்கிறவர் அல்லவா? அதே மாதிரி இங்கேயும் கரண்ட் போகும் வழியெல்லாம் போய்ப் பார்த்தார். எல்லாம் சுத்தம். மிதித்தால் செல்ஃப் 'உம்ம்' என்று முனகிப் படுத்துக்கொண்டது. முன்னால் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றினாலோ நாலாவது சுற்றில் எஞ்சின் ஓடியது.

அவர் மனைவி அஸ்கரி பேகம் வீட்டில் உருது பேசுகிறவள்தான். ஆனால் புருஷனைக் கிண்டல் செய்ய வேண்டுமென்றால் தமிழுக்கு மாறிவிடுவாள். பக்கத்து வீட்டுக்கும் கேட்க வேண்டுமே.

"ஏங்க, மாப்பிள்ளையும் பொண்ணும் ஆளுக்கொரு பக்கம் தள்ளட்டுமே. பொருத்தம் எப்படின்னு அங்கயே தெரிஞ்சிரும்."

புதன்கிழமை சாயங்காலம், வீட்டுப் பக்கவாட்டில் நிற்கும் ஜீப்புக்கு அருகே அவளை உதவிக்கு அழைத்தார் சுபான். விளக்கைப் போட்டுவிட்டு மிதிக்கப்போவதாகவும், வெளிச்சம் எவ்வளவு மங்குகிறது என்று முன்னால் நின்று பார்க்கும்படியும் சொன்னார். பேட்டரி சோம்பேறியாக இருந்தால், செல்ஃப் இழுக்கும் இழுப்பில் விளக்குத் திரி இறங்கின மாதிரி மங்கும். மிதித்தார்.

மங்கவே இல்லையென்றும், தனக்குக் கண் கூசுகிறதென்றும் அவள் சொன்னாள்.

சுபான் கணக்குப் போட்டார். விளக்கு மங்கவில்லை என்றால் பேட்டரியில் தெம்பு இருக்கிறது. தெம்பிருந்தும் செல்ஃப் அதை வாங்கிச் சாப்பிடவில்லை. வழியில் எங்கோ அடைப்பு. போகிற வழியில் அடைப்பு இல்லை என்று அவரே தேய்த்துப் பார்த்துவிட்டார். பின்னே எங்கே?

அஸ்கரி வந்து எட்டிப்பார்த்தாள். குமிழைத் தொட்டுவிட்டு விரலை உதறினாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் தொட்டாள். ஆறியிருந்தது. ஒரு தடவை மிதிக்கச் சொல்லித் தொட்டாள். சுட்டது.

"நீங்க மிதிச்சாத்தான் இதுக்குச் சூடு வருது," என்றாள். "செல்ஃப் செய்யவேண்டிய வேலைய இது இழுத்துப்போட்டுச் செய்யுதோ என்னவோ. இந்த வூட்டுல எனக்குத் தொணைக்கு ஒண்ணு கெடச்சிச்சு."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். சுபானுக்கு அது மண்டையில் சொடுக்கியது. மெல்லிய கம்பியில் அதிகமான கரண்ட் போனால் கம்பி சுடும். பல்பு எரிவதே அப்படித்தான். அப்படியானால் செல்ஃபின் கரண்ட் இந்தச் சோக் கம்பி வழியாகப் போகிறது. எதற்குப் போகிறது? திரும்பி வருவதற்கு.

போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வந்தால்தான் மோட்டார் சுற்றும். விளக்கில் எண்ணெய் எரிந்து தீர்ந்துவிடும், திரும்பி வராது. அதனால் விளக்குக்காரருக்குத் திரும்பும் வழி என்ற ஒன்று தோன்றவே இல்லை. ஜீப்பில் திரும்புவதற்குத் தனி ஒயர் கிடையாது, வண்டியின் இரும்பே வழி. பேட்டரியின் ஒரு முனையை, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் முடுக்கியிருக்கிறார்கள். ஆனால் எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் கட்டைகள்மேல். ரப்பரில் கரண்ட் போகாது. வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் எலி வளையில் நுழைந்து போகிற மாதிரி, எஞ்சினிலிருந்து டாஷ்போர்டுக்கு வரும் ஒரே இரும்பான சோக் கம்பியில் கரண்ட் நுழைந்து வந்திருக்கிறது. ஹேண்டில் போட்டால் வண்டி ஓடியதும் இதனால்தான். பிளக்கில் பொறி தட்டக் கொஞ்சம் கரண்ட் போதும், எலி வளையே தாராளம். செல்ஃபுக்கு வாய்க்கால் வேண்டும்.

நினைத்தால் போதுமா, பார்க்க வேண்டும். முகப்பு விளக்கின் பழைய பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் கட்டினார். ஒன்றை பேட்டரியின் எர்த் முனையிலும், அதாவது சேசிஸில் முடுக்கிய முனையிலும், மற்றதைப் பெயிண்ட் சுரண்டிய எஞ்சின் இரும்பிலும் வைத்தார். நடுவில் வழி நன்றாக இருந்தால் பல்புக்கு வேலையே இருக்காது, எரியாது. அஸ்கரியை டிரைவர் சீட்டில் ஏற்றினார். ஏறி உட்கார்ந்தவள், இனி மாப்பிள்ளையைத் தானே அழைத்துப்போவதாகவும், சுபான் பின்னால் விளக்குகளோடு உட்காரலாம் என்றும் அறிவித்துவிட்டு மிதித்தாள்.

பல்பு ஜம்மென்று எரிந்தது.

எஞ்சினிலிருந்த முனையை எடுத்து சேசிஸில் வைத்து, மறுபடி மிதிக்கச் சொன்னார். எரியவில்லை. ஆக, பேட்டரிக்கும் சேசிஸுக்கும் வழி இருக்கிறது; எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவில்தான் அறுந்திருக்கிறது. தலையைக் கவிழ்த்து அந்த இடத்தைப் பார்த்தார். எஞ்சினில் ஒரு போல்ட், நேர் எதிரே சேசிஸில் ஒரு போல்ட். இரண்டும் வெள்ளி பெயிண்டில் பளபளத்தன. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை.

சுபான் மெதுவாக நிமிர்ந்தார். பெயிண்ட் அடித்த அன்று அந்த இரண்டு போல்ட்டுக்கும் நடுவில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. தட்டையாக, பின்னலாக, எண்ணெய் குடித்துக் கறுத்துப்போய். யாரோ பழைய டிரைவர் ஏதோ ஆட்டத்தை நிறுத்த ஸ்டவ் திரியை இழுத்துக் கட்டியிருக்கிறான் என்று நினைத்தார். கரிந்த திரியைக் கண்டால் கழற்றி எறிவது அவர் கை அறிந்த பழக்கம். கழற்றி, கடையின் பழைய திரிகளோடு சாக்கில் போட்டார். சாக்கு பழைய சாமான்காரனோடு போய்விட்டது. உண்மையில் அந்தத் திரி செம்புக் கம்பிப் பின்னல், எஞ்சினிலிருந்து சேசிஸுக்குக் கரண்ட் திரும்பும் வாய்க்கால்.

அஸ்கரியிடம் மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டார். அவள் ஸ்டியரிங்மேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தலையைத் தூக்கி, "நல்லவேள, மண்ணெண்ணெய் ஊத்திப் பத்தவைக்காம வுட்டீங்க," என்றாள்.

மறுநாள் காலை தீர்த்தகிரி வந்தபோது, சுபான் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். அவரையே ஏறி மிதிக்கச் சொன்னார். தீர்த்தகிரி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, அரை மனதாக மிதித்தார். வண்டி ஒரே உறுமலில் எடுத்தது. அவர் பதறிக் காலை எடுத்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. சோக் குமிழைத் தொட்டுப் பார்க்கும்படி சுபான் சொன்னார். அது சில்லென்று இருந்தது.

"மச்சான்கிட்ட மாட்டு வண்டி வேணாம்னுடறேன்," என்றார் தீர்த்தகிரி. "அப்டி என்னதான் பண்ணுனீங்க பாய்?"

சுபான் பானெட்டைத் திறந்து, விரலால் தொட்டுக் காட்டினார். இரண்டு போல்ட்டின் அடியிலும் வெள்ளி பெயிண்டை இரும்பு மின்னும்வரை சுரண்டி, பழைய பேட்டரி ஒயரில் ஒரு முழத்துக்கு வெட்டி, இரண்டு முனையிலும் செம்பு வளையம் பற்றவைத்து, எஞ்சினையும் சேசிஸையும் சேர்த்து இறுக்கமாக முடுக்கியிருந்தார்.