ஆளுக்கொரு சொல்

தமிழில் "விசித்திரம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடலாம். ஆங்கிலத்தில் அந்தச் சங்கதிக்கு ஒரு தெருவே குடியிருக்கிறது. அந்தத் தெருவில் இறங்கி, இது யார் வீடு, அது யார் வீடு, இரண்டுக்கும் நடுவில் சுவர் எங்கே ஓடுகிறது என்று எழுதி வைக்கிற வேலை, ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் அவரிடம் வந்து சேர்ந்தது.

அலுவலகத்தில் அவருக்கு அரைப்புள்ளி என்று பெயர். பேச்சை முடிக்கவும் மாட்டார், தொடரவும் மாட்டார். கேள்வி கேட்டவர் காத்திருந்து காத்திருந்து, தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், பதில் அப்போதுதான் கிளம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். பெயரைக் கேள்விப்பட்ட அன்று அவருக்கு வருத்தமாக இருந்தது. பிறகு, தன்னைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகத் தன்னாலேயே எழுதியிருக்க முடியாது என்று ஒப்புக்கொண்டார். தொழில் தெரிந்தவர்கள் வைத்த பெயர்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நெருங்கிய பொருளுள்ள சொற்களைப் பிரித்து எழுதும்போது, ஒவ்வொரு சொல்லிலும் தெரிந்த ஆள் ஒருவரை மனதுக்குள் உட்கார வைக்க வேண்டும். ஆள் உட்கார்ந்தால்தான் சொல் நிற்கும் என்பது பதிப்பாசிரியை அம்மாவின் கட்சி. அவரும் உட்கார வைத்தார். ஸ்ட்ரேஞ்ச் என்பதில் புதிதாக வந்த காவலாளி. பழகாததால் மட்டுமே விசித்திரம், போகப் போகச் சரியாகிவிடும். ஆட் என்பதில் கணக்குப் பிரிவுக்காரர். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவர் மட்டும் தனியாகச் சிரிப்பார். கூட்டத்தோடு சேராத ஒற்றை. வியர்ட் என்பதில் மாடி வீட்டுக்காரர். லிப்டில் நம் பின்னங்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்து முதுகைச் சிலிர்க்க வைக்கிறவர். பிஜார், மைத்துனருக்கு. பழுதான தொலைக்காட்சிப் பெட்டியைச் சரிபார்க்கக் கொடுத்துவிட்டு, அது திரும்பி வரும்வரை அது இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர். எக்சென்ட்ரிக், நிறுவன முதலாளிக்கு. அவர் வீட்டுக்குள் குடை பிடித்து நடப்பார். அதையே கடைசிப் படியில் இருக்கிற ஊழியர் செய்தால் வேறு சொல் போட வேண்டும். வித்தியாசம் குடையில் இல்லை, சம்பளத்தில் இருக்கிறது.

மிச்சம் இருந்தது பெக்யூலியர். ஒருவருக்கே உரியது, வேறு யார் மேலும் பொருந்தாதது. புகழ்ச்சிக்கும் இகழ்ச்சிக்கும் நடுவில் ஒற்றைக் காலில் நிற்கிற சொல். அதற்கு மட்டும் ஆள் அகப்படவில்லை. உலகத்துக்கெல்லாம் நாற்காலி போட்டவருக்கு, தான் எதில் உட்கார்வது என்ற எண்ணம் மட்டும் வரவே இல்லை. பந்தயத்தில் நடுவர்கள் ஓடுவதில்லை, அல்லவா?

இப்படி அவர் பெக்யூலியருக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த வாரத்தில்தான் மகள் வந்து எதிரே நின்றாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை அவரைக் கூட்டிட்டு வரேன். நான் சொன்னேன்ல, ஸ்விம்மிங் மாஸ்டர்."

அவர் தலையாட்டினார்.

"தலையாட்டுனது போதாதுப்பா. அன்னைக்கு வாயைத் திறந்து பேசணும். நீங்க சரின்னு அவர்கிட்ட நேரா சொல்லணும். அது ஒண்ணுதான் நான் கேக்கறது."

"ம்."

"இதான், இந்த 'ம்' தான் வேணாங்கறேன்."

மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பவே அந்த 'ம்' தாண்டி. அதை சம்மதம்னு எடுத்துக்கிட்டு எங்கப்பா ஏற்பாடெல்லாம் பண்ணிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் அது சம்மதமா இல்ல தொண்டை செருமலான்னு எனக்குத் தெரியாது."

அது சம்மதம்தான் என்று அவர் சொல்ல நினைத்தார். சொல்லுக்கு முன்னால் ஒரு நல்ல தொடக்கம் தேடினார். அதற்குள் அம்மாவும் மகளும் திரைச்சீலை பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீச்சல் மாஸ்டர் வந்தார். வரும்போதே குளத்தின் எதிர்க்கரையில் நிற்பவர்களை விசாரிப்பதுபோல, "நல்லா இருக்கீங்களா!" என்றார். அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் லேசாகச் சிணுங்கின. செருப்பை வெளியே விட்டார். உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில், இப்போதே குதித்துவிடுகிறவர் மாதிரி உட்கார்ந்தார். யாராவது பேசினால் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் காதை உள்ளங்கையால் தட்டிக்கொண்டார். தண்ணீர் கொடுத்தபோது மூச்சு விடாமல் ஒரே இழுப்பில் குடித்துவிட்டு, குடித்ததைப் பற்றி, "நல்ல தண்ணி!" என்று பாராட்டினார்.

"பசங்க சத்தத்துல கத்திக் கத்தி இப்படி ஆயிடுச்சு ஆன்ட்டி! ரகசியம் சொன்னாலே பக்கத்துத் தெருவுக்குக் கேக்கும்!"

"பரவாயில்ல தம்பி. இந்த வீட்ல ரெண்டு ஆள் சத்தத்துக்கு இடம் காலியாதான் இருக்கு," என்றாள் மனைவி, கணவரைப் பார்த்துக்கொண்டு.

மாஸ்டர் சிரித்தார். மகளும் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. அதை உள்ளேயே வைத்துக்கொண்டார். இந்தப் பையனை அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. ஏன் பிடித்தது என்று பார்க்கத் தொடங்கியதுதான் வினை.

மகள் கண்ணால் அம்மாவிடம் சொல்ல, அம்மா கண்ணால் மாஸ்டரிடம் சொல்ல, மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டார்: "அங்கிள், என்னைப் பத்தி உங்களுக்கு என்ன தோணுது? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க!"

அவர் யோசித்தார். ஸ்ட்ரேஞ்ச்? இல்லை, பழைய ஆள் மாதிரி இருக்கிறான். ஆட்? எந்தக் கூட்டத்திலும் இவன்தான் கூட்டமே. வியர்ட்? முதுகு சிலிர்க்கவில்லை. எக்சென்ட்ரிக்? அதற்கு வருமானம் பத்தாது. ஒவ்வொரு நாற்காலியாக இழுத்துப் போட்டுப் பார்த்தார். மாஸ்டர் எதிலும் அடங்காமல் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். காதைத் தட்டுவது, தண்ணீரைப் பாராட்டுவது, எதிர்க்கரைக் குரல்... இதெல்லாம் சேர்ந்து வேறு ஒருவரிடமும் இருக்க முடியாதே! மின்விசிறி சுற்றியது. தேநீரில் ஆடை படிந்தது. மனைவி இருமினாள். மகள் காலால் அவர் காலைத் தொட்டாள். மாஸ்டரின் முகம் மெல்லச் சிவந்துகொண்டே வந்தது.

அப்போது அவருக்குள் தாழ்ப்பாள் விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நாள்கணக்கில் தேடிய ஆள்! எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான்! தும்மல் வந்து தீர்ந்த நிம்மதியோடு அவர் வாயைத் திறந்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"பெக்யூலியர்."

அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்ல ஏதாவது இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

மாஸ்டர் முதன்முறையாகத் தாழ்ந்த குரலில், "சரிங்க சார்," என்றார். 'அங்கிள்' என்பது 'சார்' ஆகிவிட்டதை அவர் கவனித்தார். ஏதோ நடந்துவிட்டது என்று புரிந்தது, என்ன என்று புரியவில்லை. மாஸ்டர் கைகூப்பினார், செருப்பை மாட்டினார், போய்விட்டார்.

கதவு சாத்தியதும் மகள் திரும்பினாள். அவள் அலமாரியிலிருந்து உருவி எடுத்தது அப்பாவின் அலுவலகத்து அகராதியின் பழைய பதிப்பு. பிரித்து, நின்றபடியே படித்தாள்.

"இயல்புக்கு மாறான. கோணலான. ஒரு மாதிரியான." மூடினாள். "இதை எழுதினது யாருப்பா?"

எழுதியது அவர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியது. அதைத் திருத்தத்தான் இந்தப் பாடு என்று அவளிடம் சொல்லலாம். "அது... இப்ப புதுப் பதிப்புல—" என்று ஆரம்பித்தார்.

"வீட்டுக்கு வந்த மனுஷன் உங்களுக்கு ஒரு உதாரணமாப்பா? அவரு உங்ககிட்ட ஒரு 'சரி' கேட்டாரு. நீங்க தலைப்பு போட்டு அனுப்பிட்டீங்க."

"பிடிச்சுதான்—"

"பிடிச்சா பிடிச்சதுன்னு சொல்லணும். இனிமே அவரை இங்க கூட்டிட்டு வர மாட்டேன். கல்யாணம் எங்கயோ நடக்கும். தகவல் வரும் உங்களுக்கு. மத்த விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போங்க."

அவள் அழுதிருந்தால் தேவலை. அழாமல், அலமாரியில் அகராதியை இருந்த இடத்திலேயே ஒழுங்காக வைத்துவிட்டுப் போனாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் இருந்தும் அதைத் தவறான நேரத்தில் திறக்கிற தகப்பன் என்ன ஆவான் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் பதிப்பாசிரியை அம்மா அவர் மேசைக்கே வந்துவிட்டார்.

"என்ன சார், பெக்யூலியர் முடிஞ்சுதா? ஆள் கிடைச்சாச்சா?"

அவர் வழக்கத்துக்கு மாறாக நடந்ததை முழுவதும் சொன்னார். சொல்லி முடிக்க வெகுநேரம் பிடித்தது. பதிப்பாசிரியை கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ சாமி! நாம ஆளை உக்கார வைக்கறது மனசுக்குள்ள சார். நேர்ல வந்தவங்களை மனுஷங்களா உக்கார வைக்கணும்."

"ம்."

"அதுவும் அந்த வார்த்தைக்கு எதுக்கு இவ்வளவு அலைஞ்சீங்க? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. இந்த ஆபீஸ்ல எல்லாரும் அதுல உங்களைத்தான் உக்கார வெச்சிருக்கோம்."

"என்னையா?"

"பெக்யூலியர் என்ன, ஆட்ல போட்டாலும் நிக்கறீங்க, ஸ்ட்ரேஞ்ச்ல போட்டாலும் நிக்கறீங்க. ரொம்ப உபயோகமான ஆள் சார் நீங்க!"

பதிப்பாசிரியை பாசத்தோடுதான் சொன்னார். பின்வரிசையில் இரண்டு பேர் பாசத்தோடுதான் சிரித்தார்கள். கணக்குப் பிரிவுக்காரர் சற்றுப் பொறுத்து, தனியாகப் பாசத்தோடு சிரித்தார். ஆனாலும் அது சுருக்கென்று தைத்தது. சொல் சரியாகத்தான் இருந்தது. ஒரு எழுத்துகூட மாற்ற முடியாது. சரியாக இருந்ததுதான் வலித்தது. நேற்று நாற்காலி நுனியில் அந்தப் பையன் எப்படி உட்கார்ந்திருந்திருப்பான் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு எழுந்தார்.

பஸ்ஸில் போகும்போது வாக்கியத்தை மனதுக்குள் செதுக்கிக்கொண்டே போனார். "நேற்றைய என் சொல்லாட்சி குறித்து..." என்று ஆரம்பித்தது. இறங்கும்போது அது ஒரு நல்ல பத்தியாக வந்திருந்தது. நீச்சல் குளத்து வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். ஈரத் தரையில் கால்விரல்களை மடக்கி மடக்கி வைத்து, கொக்கு மாதிரி நடந்து உள்ளே போனார். ரப்பர் தொப்பி போட்ட பிள்ளைகள் கரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால்களை அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் மேற்கூரையே கொதிப்பது போல இருந்தது. நடுக்குளத்தில், மார்பளவு தண்ணீரில், மாஸ்டர் நின்றிருந்தார்.

"நேற்றைய என் சொல்லாட்சி குறித்து," என்றார் அவர், கரையில் நின்றபடி.

"என்ன சார்? கேக்கல!"

"நேத்து நான் சொன்னது—"

"இன்னும் சத்தமா சார்! காதுல தண்ணி!"

பத்தி முழுவதும் தண்ணீரில் கரைந்துவிட்டது. எதைக் காப்பாற்றுவது என்று அவர் தேடவில்லை. வாழ்நாள் முழுவதும் சேமித்து வைத்திருந்த குரலை எடுத்து ஒரேயடியாக வீசினார்:

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு! எம்பொண்ணைக் கட்டிக்கங்க! எனக்குச் சம்மதம்!"

பிள்ளைகளின் கால்கள் நின்றன. பெஞ்சில் துண்டோடு காத்திருந்த தாய்மார்கள் திரும்பினார்கள். குரல் எதிர்ச் சுவரில் மோதி, "சம்மதம்" என்று அவரிடமே திரும்பி வந்தது.

மாஸ்டர் நெற்றி ஈரத்தை வழித்துவிட்டார். தண்ணீரைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். மறுபடி தண்ணீரைப் பார்த்தார்.

கரையில் நின்றவர் அந்த முகத்தில் பதிலைத் தேடினார். கோபமா? சிரிப்பை அடக்குகிறானா? வேண்டாம் என்று எப்படிச் சொல்வதென்று தேடுகிறானா? ஒரு மனிதன் பேசாமல் நிற்பது எதிரில் நிற்பவனை இந்தப் பாடு படுத்தும் என்று அவர் அறிந்ததே இல்லை. அவர் எப்போதும் அந்தப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறார். அங்கே காற்றோட்டமாக இருக்கும்.

"நேத்து நான் தம் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன் சார்," என்றார் மாஸ்டர் கடைசியில். "நீங்க பேசற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு. தண்ணிக்குள்ள நான் யாருக்கும் சளைச்சதில்ல. உங்ககிட்ட தோத்துட்டேன்."

"மன்னிச்சிருங்க தம்பி!" கத்துவதை எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"என்கிட்ட எதுக்கு சார்? நான் நேத்தே மறந்துட்டேன். கோவமா இருக்கறது அவதான். நீங்க இங்க வந்தது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது!"

"அப்ப அவகிட்ட சொல்லுங்க. அவ சரின்னா எனக்கு சரி."

பிள்ளைகள் மறுபடி கால்களை அடிக்கத் தொடங்கினார்கள். அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்று நினைத்தபோது எடுத்தாள். அவளுடைய அலுவலகத்தில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

வழக்கமாக இந்த இடத்தில் அவர் ஒரு சொல் தேடியிருப்பார்.

"நான் தப்பு பண்ணிட்டேம்மா! குளத்துக்கு வந்திருக்கேன்! பையன்கிட்ட சம்மதம் சொல்லிட்டேன்! எல்லார் முன்னாடியும் சொன்னேன்! எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருக்கு! உன் கல்யாணத்துக்கு நான் விருந்தாளியா வர முடியாதும்மா, அப்பாவாதான் வருவேன்! கேக்குதா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"கேக்குதுப்பா," என்றாள் மகள். "என் பக்கத்து சீட்டுக்காரங்களுக்கும் கேக்குது. ஏன் இப்படிக் கத்துறீங்க? சரி, அவர்கிட்ட போனைக் குடுங்க."