நீலம் பிடித்த மண்

1956 ஆனி மாதம், சாரல் தொடங்கிய மூன்றாம் நாள், இலஞ்சியில் நமசிவாயத்தின் தென்னந்தோப்பில் மட்டும் இளநீர் மயில்கழுத்து நிறத்தில் இறங்கியது. குடித்துப் பார்த்தவர்கள் ருசியில் குறை சொல்லவில்லை. செம்புப் பாத்திரத்து வாசம் லேசாக அடிக்கிறது, அவ்வளவுதான் என்றார்கள். பாவூர்சத்திரத்து வியாபாரி காயை மேலே தட்டிப் பார்த்து வாங்குகிறவர் என்பதால் விலையும் குறையவில்லை.

காரணம் பிறகு தெரிந்தது. குற்றாலத்து மலையில், அருவிக்கு மேலே ஒரு காப்பித் தோட்டம் இருந்தது. ஆண்டுதோறும் வைகாசியில் அங்கே நீல நிற மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தைச் செடிகளுக்கு அடிப்பார்கள். மழை அதைக் கழுவிக் காட்டுச் சரிவில் இறக்கும். சரிவில் தலைமுறை தலைமுறையாக விழுந்த சருகு மக்கி, முழங்கால் ஆழத்துக்குக் கறுத்துக் கிடந்தது. வந்த நீலத்தையெல்லாம் அந்த மண் கைக்குள் மூடி வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் கீழே விட்டது. முப்பது ஆண்டு நீலம் அதற்குள் இருப்பது அப்போது யாருக்கும் தெரியாது. கறுப்பு என்றால் சத்து என்று நினைக்கும் ஊர். முந்தின கோடையில் நமசிவாயம் ஆள் வைத்துப் பாறை தெரியும்வரை அதை வழித்து இறக்கி, நாற்பது வண்டி கொண்டுவந்து தோப்பில் கொட்டினார். வெயில் பட்டு உலர்ந்ததும் மண் தன் கையைத் திறந்துவிட்டது.

அவர் மனைவி கல்யாணசுந்தரிக்கு இளநீர் நீலமானது பெரிதாகத் தோன்றவில்லை. எதையும் உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிற பெண் அவள். தலைப்பிள்ளை பிறந்த அன்றே போனபோதும் அவள் சத்தம் போட்டு அழவில்லை. அதற்கென்று நினைத்து வைத்திருந்த பெயரைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் ஆடியில், தோப்பு மண்ணிலேயே விளையாடிக் கிடந்த அவளுடைய மூன்று வயது மகள் சொக்கம்மாளின் நகங்கள் நீலமாயின.

"ஏட்டி, புள்ளைக்கு நகத்துல என்ன சாயம்? மசூது கடையிலயா வாங்குன? எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கித் தாயேன்" என்று பக்கத்து வீட்டு முத்துவடிவு கேலி செய்தாள்.

ஐப்பசியில் நீலம் மணிக்கட்டைத் தாண்டியதும் கேலி நின்றது. தென்காசி டாக்டர் களிம்பு கொடுத்தார். வேறு கிணற்றுத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். தோப்பில் நீலம் குருத்துவரை ஏறிய ஏழு தென்னைகள் பாளை விடாமல் நின்றபடியே பட்டுப்போயின. குழந்தைக்கு அது நெஞ்சுக்கு ஏறினால் என்னவாகும் என்று கல்யாணசுந்தரி யாரையும் கேட்கவில்லை. காலைதோறும் ஒரு நூலை எடுத்து, நீலத்துக்கும் மகளின் தோளுக்கும் உள்ள தூரத்தை அளந்தாள். நூல் குறுகிக்கொண்டே வந்தது.

அடுத்த சித்திரா பௌர்ணமிக்குச் செண்பகாதேவி அம்மனைக் கும்பிட மலையேறியபோது, வழித்தெடுத்த சரிவின் ஓரத்தில் ஓர் அயனி மரத்தடியில் இளைப்பாறினார்கள். ஆட்களின் மண்வெட்டிக்கு எட்டாமல் அதன் வேர் இடுக்கில் கொஞ்சம் கறுப்பு மண் மிச்சமிருந்தது. சொக்கம்மாள் அதில் கையைப் புதைத்து விளையாடினாள். வெளியே எடுத்தபோது நீலம் முழங்கைக்குக் கீழே இறங்கியிருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி கூட்டிப்போய்க் கையைப் புதைத்தபோது மணிக்கட்டுக்கு இறங்கியது. மூன்றாவது செவ்வாய்க்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது வாரம் மறுபடி ஏறத் தொடங்கியது.

வேர் இடுக்கில் இருந்த மண் கல்யாணசுந்தரியின் உள்ளங்கையில் கனத்தது. இதற்கு மேல் இதனால் முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. எப்படிப் புரிந்தது என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. இதற்கு மேல் முடியாது என்று அவளும் பல நாள் அடுப்படியில் நின்றிருக்கிறாள்.

"எங்கேருந்து எடுத்தியளோ அங்கனயே கொண்டுபோய்ப் போட்டுருவோம்" என்றாள் கணவரிடம்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? நாப்பது வண்டி மண்ண மலைக்குச் சுமக்கவா? ஊரே சிரிக்கும்ட்டி."

"சிரிக்கட்டும். நீங்க வண்டிய மட்டும் பூட்டுங்க."

மணமாகி ஒன்பது ஆண்டுகளில் அவள் அவருக்கு எதிர்ப்பேச்சுப் பேசியது அதுவே முதல் தடவை. அவர் வண்டியைப் பூட்டினார். மலையடிவாரம்வரை வண்டியிலும் அதற்கு மேல் தலைச்சுமையாகவும் மண் திரும்பிப் போனது. காட்டுக் காவலர் துல்கர்னைன் இரண்டாம் நாள் வழியை மறித்தார். கூடையைப் பார்த்தார், குழந்தையின் கையையும் பார்த்தார்.

"ஆச்சி, இங்கேருந்து மண்ணெடுத்தா கேஸு போடணும்னு சட்டம் இருக்கு. கொண்டாந்து போட்டா என்ன செய்யணும்னு ஒருத்தனும் எழுதி வைக்கலயே" என்று தலையைச் சொறிந்தார். பிறகு கீழே இருந்த இன்னொரு கூடையைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார்.

வெயிலில் கிடந்த மண்ணுக்குப் பிடிப்பு இல்லை. அதற்கு மக்குகிற இலை வேண்டியிருந்தது. கல்யாணசுந்தரி ஊரெல்லாம் சருகு கேட்டாள். முத்துவடிவு தன் வீட்டுப் பலாச் சருகை எரிப்பதை நிறுத்தி மூட்டை கட்டிக் கொடுத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கொடுத்தார்கள். 1958இல் பெருமழை அரைச் சரிவை அடித்துப்போனது. அந்த வாரம் நீலம் சொக்கம்மாளின் தோளைத் தொட்டது, நூலுக்கு வேலையில்லாமல் போனது. கல்யாணசுந்தரி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கொட்டுகிற சாரலில் ஏறி, மிஞ்சிய மண்ணில் கழுத்துவரை புதைத்து, பக்கத்தில் குப்புறப் படுத்தாள். அங்கே, மண்ணில் வாயை வைத்து, போன பிள்ளையின் பெயரைச் சொன்னாள். எத்தனை தடவை என்று அவள் எண்ணவில்லை. மண் அதையும் வாங்கிக்கொண்டது. மாலையில் மகளைத் தோண்டி எடுத்தபோது நீலம் முழங்கையில் இருந்தது.

அதற்குப் பிறகு அது மேலே ஏறவே இல்லை. ஆண்டுக்கு நாலு விரல்கடை இறங்கி, 1964இல் சொக்கம்மாள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது இடது சுண்டுவிரல் நகத்தோடு நின்றது. சரிவில் சருகை விலக்கினால் ஒரு சாண் ஆழத்துக்கு மண் நீலமாக ஒளிர்ந்தது. சீசனுக்குக் குளிக்க வந்தவர்கள் தலையில் விழுந்த தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

"அது அங்கனயேதான் இருக்குமாம்மா?" என்று சொக்கம்மாள் ஒருநாள் கேட்டாள்.

"இருக்கும். மேல இலை விழுந்துக்கிட்டே இருந்தா இருக்கும்."

அந்த ஆண்டு வைகாசியிலும் மேலே மருந்து அடித்தார்கள். முதல் மழைக்கு நீலம் சரிந்து வந்து சருகுக்குள் போனது, மறுபக்கம் வெளியே வரவில்லை. தாயும் மகளும் சரிவில் சருகைக் கொட்டிவிட்டு, காலிக் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கட்டிவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டார்கள்.