குளிர்ப் பள்ளம்

குளிர்ப் பள்ளத்தில் பெரிய இழுவைக் கப்பல் வலை இறக்கிவிட்டது என்ற சேதி பிலுன்னுவாக்கின் காதுக்கு வந்தபோது, அவள் வடகடலோர ஊரான ஆசியாத்தின் துறைமுகச் சந்தையில் சீல் விலங்கின் இறைச்சிக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். சேதி கிண்டலாகத்தான் வந்தது.

"வாங்க டாக்டரம்மா," என்றார் யெரெமியாஸ். ஊரில் மிஞ்சியிருந்த நான்கு இறால் படகுகளில் ஒன்று அவருடையது. "எங்க பள்ளத்தைப் பொத்திப் பொத்தி வளர்த்தோம். எங்களை ஒரு வார்த்தை கேக்காம கட்டிக் குடுத்துட்டீங்களே. மாப்பிள்ளைக்குத் தெற்குப் பக்கமாமே? நல்ல வாட்டசாட்டமா இருக்கான்."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பிலுன்னுவாக்கும் புரியாமல் பாதி சிரித்தாள். யெரெமியாஸின் முகத்தில் மட்டும் சிரிப்பே இல்லை.

"என்ன சொல்றீங்க?"

"காலையில கண்ணால பார்த்துட்டு வந்தேன். தீவுகளுக்கு வெளியே, பெரிய கப்பல் உள்ள வரக் கூடாதுன்னு போட்ட கோட்டுக்கு அந்தாண்ட. தேடல, தடவல. மாமியார் வீட்டுக்குப் போறவன் மாதிரி நேராப் போய் வலையை இறக்கினான். அந்த இடம் எங்க நாலு பேருக்குத் தெரியும். அப்புறம் உனக்குத் தெரியும்."

கடைசி வார்த்தையில் மரியாதையும் போய்விட்டது. பிலுன்னுவாக் இறைச்சி வாங்காமலே திரும்பினாள்.

அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சியே அந்தப் பள்ளத்தை நம்பித்தான் நின்றது. பெண் இறால் குளிர்காலம் முழுக்க முட்டைகளை வயிற்றின் அடியில் ஒட்டவைத்துச் சுமக்கும். வசந்தத்தில் கடலின் மேல்மட்டத்தில் பாசி பூக்கும்போது குஞ்சு பொரிந்தால்தான் அதற்கு இரை. அடிக்கடல் சூடேறிவிட்டால் முட்டை முன்னதாக முதிர்ந்துவிடுகிறது. பந்தி விரிக்கும் முன்னே வந்துவிட்ட விருந்தாளியைப் போலக் குஞ்சுகள் பட்டினியாகச் செத்துப்போகின்றன. வளைகுடா முழுக்க இப்படி ஆகிக்கொண்டிருப்பதை அவள் அளந்து காட்டியிருந்தாள். ஓர் இடத்தில் மட்டும் அப்படி ஆகவில்லை. தீவுகளுக்கு மேற்கே, பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்த அந்த ஆழமான பள்ளத்தில் பழைய குளிர் இன்னும் தங்கியிருந்தது. அங்கே குஞ்சுகள் இன்றும் நேரத்துக்குப் பிறந்தன.

படகுக்காரர்கள் நால்வரும் வசந்தத்தில் அங்கே வலை போடுவதில்லை என்று தங்களுக்குள் பேசிவைத்திருந்தார்கள். அவளுடைய சித்தப்பா ஏனோக் அந்த நால்வரில் ஒருவர். அப்பா டென்மார்க்குக்குப் போய்த் திரும்பாததால் அவளை வளர்த்ததே அவர்தான். மற்ற மூவரிடமும் பேசி, அவர்கள் வலைகளில் அவளுடைய வெப்பமானிகளைக் கட்டவைத்ததும் அவர்தான். "இடம் எங்கன்னு எந்தப் படத்துலயும் வராது," என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். வாக்கையும் காப்பாற்றினாள். ஆய்வேட்டில் அது வெறும் 'ஒரு பள்ளம்'. ஆனால் கணினியில் இருந்த மூல அளவுகளை அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி பார்த்துத்தான் ஆக வேண்டும். அவளையும் அந்த நால்வரையும் விட்டால் இடம் தெரிந்த ஒரே ஆள் அவர்.

வழிகாட்டி அஸ்கர் டேனிஷ்காரர். இந்தப் பக்கத்துக் கடலிலேயே தலை நரைத்தவர். ஏனோக் வீட்டு மேசையில் உட்கார்ந்து திமிங்கிலத் தோலைக் கடவாய்ப் பல்லால் மென்று தின்பார். சித்தி பிபியானே அவருக்குக் காலுறை பின்னிக் கொடுத்திருக்கிறாள். அவருடைய அடுத்த ஆராய்ச்சிக்கு அந்தப் பெரிய கப்பலை ஓட்டும் தெற்கத்திக் கம்பெனிதான் பணம் தருகிறது என்பதும் பிலுன்னுவாக்குக்குத் தெரியும். இதுவரை அதை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்த வாரமே வசந்தகால மாதிரி எடுக்க அஸ்கர் ஊருக்கு வந்தார். விருந்தினர் விடுதியில், அவர் காலணியைக் கழற்றுவதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"கம்பெனிக்கு நீங்கதான் குடுத்தீங்களா?"

"எதை?"

"தெரியாத மாதிரி பேசாதீங்க அஸ்கர்."

அவர் ஒற்றைக் காலணியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். "அந்தக் கப்பல் எப்படி வலை போட்டுதுன்னு விசாரிச்சியா பிலு? அங்க பாறை எங்க இருக்கு, வலை எங்க கிழியும், எந்தப் பக்கமா இறக்கணும், இதெல்லாம் என் கையில ஏது? என்கிட்ட இருக்கறது வெப்ப அளவு மட்டும்தானே."

"நல்லாத்தான் பேசறீங்க."

"நான் குடுக்கல."

"அப்ப யாரு, என் சித்தப்பாவா?" என்றாள். அவள் ஆத்திரத்தில் கேட்ட கேள்வி அது. அவர் குனிந்து மற்றக் காலணியின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். அதைக் குற்றவாளியின் தலைகுனிவு என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

பல்கலைக்கழகத்துக்குப் புகார் அனுப்பினாள். உள்ளூர் வானொலியில் உட்கார்ந்து அஸ்கரின் பெயரைச் சொன்னாள். "எங்க வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு எங்க கடலை வித்துட்டார்," என்றாள். அந்த வாசகம் ஊரெல்லாம் பரவியது. மறுநாள் யெரெமியாஸ் வீட்டு வாசலுக்கு வந்து, உலர்த்திய ஹாலிபட் மீன் கட்டு ஒன்றை நீட்டினார். "சந்தையில கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதே," என்றார். இழந்ததெல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டது போல அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

ஏனோக் மட்டும் அன்று சீல் சூப்பைக் கரண்டியால் கிளறிக்கொண்டே, "விடும்மா. பெரிய ஆளுங்களோட எதுக்கு மோதறே?" என்றார். தன் மேல் இருக்கும் பாசத்தில்தான் சொல்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கோடை முழுக்கப் பெரிய கப்பல்கள் பள்ளத்தைச் சுரண்டின. கோட்டுக்கு வெளியே இருந்ததால் தடுக்கச் சட்டம் இல்லை. விசாரணை முடியும்வரை அஸ்கர் எந்த மாணவருக்கும் வழிகாட்டக் கூடாது என்று பல்கலைக்கழகம் நிறுத்திவைத்தது. இலையுதிர் காலத்தில் மற்ற மூன்று படகுகளும் கடலுக்குப் போயின. ஏனோக்கின் படகு கட்டிய இடத்திலேயே கிடந்தது. "எஞ்சின் மக்கர் பண்ணுது," என்றார்.

அந்தச் சமயத்தில் அவளோடு பள்ளியில் படித்த நுக்கா தன் குழந்தையின் பிறந்தநாளுக்குக் காப்பி விருந்து வைத்தான். நுக்கா வேலை செய்வது அந்தப் பெரிய கப்பலில். போகலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டுத்தான் அவள் போனாள். கேக்குத் தட்டை நீட்டியபடி அவன் வெள்ளந்தியாகச் சொன்னான்.

"உங்க சித்தப்பா மாதிரி மாலுமி இப்ப எவன் இருக்கான்? எங்க கேப்டனே வாயைப் பொளந்துட்டார். 'இந்தப் பக்கம் இறக்கினா பாறை உன் வலையைத் தின்னுடும், அந்தாண்ட போ'ன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றாரு மனுஷன்."

"எப்ப?"

"போன வசந்தத்துல. முதல் தடவை நாங்க பள்ளத்துக்குப் போனப்ப எங்ககூடத்தானே நின்னாரு." அவள் முகத்தைப் பார்த்ததும் நுக்காவின் குரல் இறங்கியது. "உனக்குத் தெரியும்னு நினைச்சேனே."

தட்டை மேசையில் வைத்துவிட்டு, குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு அவள் வெளியே வந்தாள். ஊர்க் கோடியில் ஏனோக் நாய்களுக்கு மீன் தலைகளை வீசிக்கொண்டிருந்தார். சங்கிலிகள் இழுபடும் சத்தத்தில் அவள் வந்தது அவருக்குக் கேட்கவில்லை.

"சித்தப்பா, நீங்களா?"

எது என்று அவர் கேட்கவில்லை. வாளியில் மிச்சமிருந்ததை வீசி முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"பள்ளிக்கூடத்துல ஊரைக் கூட்டி நீ பேசினியே, ஞாபகம் இருக்கா? இன்னும் பத்து வருஷம், அதுக்கப்புறம் பள்ளத்துலயும் குளிர் தங்காதுன்னு சொன்னே. யெரெமியாஸ் சிரிச்சான். அத்தனை பேரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. இந்த ஊர்ல உன் படிப்பை நம்பினவன் நான் ஒருத்தன்தான்."

"நம்பி?"

"நம்பித்தான் வித்தேன். படகையும் இறால் பிடிக்கற உரிமையையும் வாங்க கம்பெனிக்காரன் வந்தான். இறால் எங்கன்னும் காட்டச் சொன்னான். எப்படியும் சாகப்போற இடம்தானேன்னு காட்டினேன்."

"விட்டு வெச்சா பிழைக்கும், வலை போடாம இருந்தா குஞ்சு தாக்குப் பிடிக்கும்னும் சொன்னேனே சித்தப்பா. அதுக்காகத்தானே அவ்வளவும் சொன்னேன்!"

"அதைக் கடைசில சொன்னே. அதுக்குள்ள நான் கணக்குப் போட ஆரம்பிச்சுட்டேன்."

அவளுக்குக் கோபத்தைவிட, எங்கே கால் வைப்பது என்று தெரியாத ஒரு தடுமாற்றம்தான் பெரிதாக இருந்தது. "நான் அஸ்கரை ரேடியோவுல வெச்சுக் கிழிச்சேன். நீங்க வீட்ல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தீங்க."

"விடும்மான்னு சொன்னேனே."

"அதுக்கு இதுவா அர்த்தம்?"

நாய்கள் ஒன்றையொன்று பார்த்து உறுமின. ஏனோக் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார். திடீரென்று மிகவும் வயதானவராகத் தெரிந்தார். அவர் மேல் இரக்கம் வருவதை அவளால் தடுக்க முடியவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் வலித்தது.

"ஊர்ல சொல்லப் போறியா?"

"நீங்க சொல்லுங்க. நீங்களே யெரெமியாஸ்கிட்ட போய்ச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்."

"எனக்கு வாய் வராது."

"என்னை ஊரே திருடின்னு பேசினப்ப வந்திருக்கணும்."

"உன்னை வளர்த்தவன் நான்."

"அதனாலதான் உங்களைச் சந்தேகப்படவே எனக்குத் தெரியல," என்றாள்.

அவள் காத்திருந்தாள். கடலில் முதல் பனித்தகடு படியும்வரை காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. ஒருநாள் அதே வானொலிக்குப் போய், அதே நாற்காலியில் உட்கார்ந்து, அஸ்கர் மேல் சொன்னது பொய் என்றும், கம்பெனிக்குப் பள்ளத்தைக் காட்டியது ஏனோக் என்றும், அவர் தன் சித்தப்பா என்றும் சொன்னாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அறிவிப்பாளர் பாட்டுப் போட்டுக் காப்பாற்றினார்.

புகாரைத் திரும்பப் பெற்றாள். அஸ்கர் எழுதிய பதில் சுருக்கமாக இருந்தது: உண்மையைச் சொன்னதற்கு நன்றி, ஆனால் இனி உனக்கு வழிகாட்ட என்னால் முடியாது, பிபியானேயிடம் என் அன்பைச் சொல். சித்தியிடம் அதைச் சொல்ல வழியில்லை. சித்தி அவளுடைய அழைப்பை எடுப்பதை நிறுத்தியிருந்தாள். கடையில் எதிர்ப்பட்டபோது, "வெளியாள் காட்டிக்குடுத்தா ஆறிடும். நீ யாரு எங்களுக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தாள். அந்தக் கேள்வியைச் சித்தப்பாவிடம் தானும் கேட்டிருக்கலாம் என்று பிலுன்னுவாக்குக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

ஊர் அவளைத் தோளில் தூக்கிவைக்கவும் இல்லை. யெரெமியாஸ்கூட, "சொல்லித்தான் ஆகணும், சரி. ஆனா சொந்தச் சித்தப்பனை ரேடியோவுலயா?" என்று தலையை ஆட்டினார். அடுத்த வசந்தத்தில் அவருடைய வலையில் வந்த பெண் இறால்களில் முட்டை சுமந்தவை கொஞ்சம்தான். அவள் அதையும் அளந்தாள். அரசாங்கம் ஒருவழியாகப் பள்ளத்தை வசந்தத்துக்கு மட்டும் மூடியபோது, பெரிய கப்பல்கள் வடக்கே வேறு இடம் பார்த்துப் போய்விட்டிருந்தன. இன்னொரு வழிகாட்டியின் கீழ் அவள் ஆய்வேட்டை முடித்துப் பட்டம் வாங்கினாள்.

ஏனோக்கும் பிபியானேயும் தலைநகர் நூக்கில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவானது. கப்பல் ஏறும் நாளில் பிலுன்னுவாக் துறைமுகத்துக்குப் போனாள். ஏன் போனாள் என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. பத்துப் பேர் நின்ற இடத்தில் அந்த இருவரைச் சுற்றி மட்டும் இடம் காலியாக இருந்தது.

"டாக்டர் ஆயிட்டியாமே," என்றார் ஏனோக்.

"ஆயிட்டேன்."

"என் வலையிலருந்து எடுத்த அளவும் அதுல இருக்கா?"

"இருக்கு."

"என் பேரு?"

"இல்ல."

அவர் தலையசைத்தார். சித்தியின் பெட்டி கனமாக இருந்தது. பிலுன்னுவாக் அதைத் தூக்கிக்கொண்டு ஏணிப்பலகை ஏறி, கப்பலின் கதவுக்கு உள்ளே வைத்தாள். இறங்கி வரும்போது இருவரும் எதிரே ஏறி வந்தார்கள். பலகை குறுகலானது. அவர்கள் போக அவள் ஒதுங்கி நின்றாள். பிறகு இறங்கி, திரும்பிப் பார்க்காமல் ஆய்வகத்துக்கு நடந்தாள். காலையில் வந்த இறால் பெட்டியில் பனிக்கட்டி உருக ஆரம்பித்திருக்கும்.