ஒரு கடிதத்துக்கு ஒரு பொய்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்கள் அவரை நம்பித்தான் மேலே போய்க் கீழே வருகின்றன. ஆனால் சமையலறையில் ஒரு பல்பு மாற்ற அவரிடம் நான் மாதக்கணக்கில் கெஞ்ச வேண்டும். அப்பேர்ப்பட்ட மனுஷர், நெட்டையின் கடிதம் வந்துவிட்டால் மட்டும் சாப்பாட்டை மறந்து பதில் எழுத உட்கார்ந்துவிடுவார்.

நெட்டை அவருடைய பழைய கூட்டாளி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தாங்களே பழுது பார்த்த லிஃப்டில் தாங்களே மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் அரை நாள் அந்தரத்தில் தொங்கினார்கள். பொழுது போக வேண்டுமே! ஆளுக்கு நாலு விஷயம் சொல்வது, அதில் ஒன்று பொய், அதை மற்றவன் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஓர் ஆட்டம் ஆரம்பித்தார்கள். பிறகு நெட்டை கடல் தாண்டி வேலைக்குப் போனார். ஆட்டம் கடிதத்தில் ஏறியது. ஒரு கடிதத்துக்கு ஒரே ஒரு பொய். கடிதத்தில் வந்ததைக் கடிதத்தில்தான் கேட்க வேண்டும், போனில் கேட்டால் தோல்வி.

போனில் இவர்கள் பேசுவதும் ஒரு பேச்சா? "என்னடா?" "ஒண்ணுமில்லடா." "சரிடா, வெச்சிடறேன்." அவ்வளவுதான். பல்வலி, பயம், முதலாளி மேல் கோபம், தூக்கம் வராத கதை எல்லாம் கடிதத்தில்தான் வரும்.

நெட்டையின் கையெழுத்து எறும்புக் கூட்டத்தைக் கலைத்துவிட்ட மாதிரி இருக்கும். நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், டாக்டர்களின் கிறுக்கலையே படித்துக் கரை கண்டவள். அதனால் படித்துச் சொல்வது என் பொறுப்பு. இந்தத் தடவை மட்டும் நான் கடையிலிருந்து வருவதற்குள் அவரே பிரித்துப் படித்து, பதிலும் எழுதித் தபாலில் போட்டுவிட்டார்.

"பொய்யைக் கண்டுபிடிச்சிட்டேன்!" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "அடுத்த மாசம் கல்யாணமாம் அவனுக்கு. இந்த வயசுல! உன் குறட்டைக்கு லிஃப்டே நின்னு போச்சே, உன்னை எவடா கட்டிக்குவான்னு எழுதிப் போட்டுட்டேன்."

கடிதத்தை வாங்கிப் படித்தேன். புது வீட்டில் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதாம். கல்யாணமாம், தேதி, இடம் எல்லாம் இருந்தது. கடைசியில், "வேலையைப் போட்டுவிட்டு வராதே. நீ வராவிட்டாலும் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை."

"பார்த்தியா? நெசக் கல்யாணமா இருந்தா இப்படி எழுதுவானா?" என்றார்.

"நடுவுல ஒரு வரி இருக்கே, படிச்சீங்களா?"

"அது புரியல, விட்டுட்டேன்."

"நீச்சல் கத்துக்கிட்டாராம்."

இவர் முகம் சுருங்கியது. நெட்டைக்குத் தண்ணீர் என்றாலே உதறல். மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில் இவர் முதுகில் ஏறிக்கொண்டு போன ஆள்.

"ஒரு கடிதத்துக்கு ஒரு பொய்தானே? நீச்சல் பொய்னா கல்யாணம் நெசம். உங்க கடிதத்தைக் கல்யாணப் பொண்ணு படிச்சா என்ன ஆகும்?"

மனுஷர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இப்பவே போன் பண்ணிக் கேளுங்க!"

"போன் பண்ணா தோத்துப்போயிடுவேனே."

"ஆட்டம் பெருசா, நெட்டை அண்ணன் பெருசா?"

நாற்காலியை விட்டு எழுந்தார். "போன் பண்ண மாட்டேன். நேர்ல போறேன். நீயும் லீவு சொல்லிடு" என்றார்.

"கல்யாணம் பொய்யா இருந்தா? பெட்டியும் கையுமா அசடு வழிஞ்சிட்டு நிப்போமே!"

"நின்னா நிக்கறேன். அவன் பக்கத்துலதானே நிப்பேன்."

நான் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன்.

கல்யாணத் தேதிக்கு இரண்டு விமானம் மாறிப் போனோம். கடிதத்தில் இருந்த முகவரியில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. கரையில் வெள்ளைத் துணி விரித்த மேஜைகள். நடுவில் புதுச் சட்டையில் நெட்டை அண்ணன், தலை நரைத்து, இன்னும் அதே உயரத்தில். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டார். இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு, "என்னடா?" "ஒண்ணுமில்லடா" என்றார்கள்.

கல்யாணப் பெண் சிரித்தபடி வந்தார். கையில் என் வீட்டுக்காரரின் கடிதம்! கிரீஸ் கறையைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"முந்தாநாள்தான் வந்துச்சு. குறட்டை விஷயத்தை எங்கிட்ட யாருமே சொல்லலியே!" என்றார். இவர் என் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். அந்த அம்மாவோ விழுந்து விழுந்து சிரித்தார். "பயப்படாதீங்க அண்ணே. தண்ணிக்குள்ள இறங்க மாட்டேன்னு இவர் அழுத அழுகையையே பார்த்தவ நான். இங்க நீச்சல் டீச்சர் நான்தான்."

என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "அப்ப நீச்சலும் நெசமா?"

"நெசம்தான்" என்றார் நெட்டை அண்ணன்.

"கல்யாணமும் நெசம். அப்ப குழாய் ஒழுகுறது பொய்யா?"

"குழாயா? வந்து பாரு, வீடு பூரா வாளி வெச்சிருக்கேன்."

"அப்புறம் எதுடா பொய்?"

நெட்டை அண்ணன் என் வீட்டுக்காரரின் கசங்கிய காலரை மெதுவாக நீவிவிட்டார்.

"கடைசி வரிடா" என்றார்.

எத்தனையோ வருஷமாகத் தோல்வியை ஒப்புக்கொள்ளாத மனுஷர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "சரி, இந்த ஆட்டம் உனக்கு" என்றார்.